பதியாத பத்திரம்

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டால் எனக்கு மறுநாள் காலைவரை ஒரு வேலையும் கிடையாது. தொத்திறைச்சியை மெல்லிய தீயில் வறுத்து, ரொட்டியோடு நின்றபடியே சாப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிடுவேன். அப்போதும் மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்காது. நீங்கள் குடும்பத்தோடு இருப்பவராகத் தெரிகிறீர்கள் ஐயா, இது புரியக் கொஞ்ச நேரம் ஆகும். பரவாயில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் அன்செல்மோ சில்வெய்ரா. வயது அறுபத்திரண்டு. இங்கே கலிபோர்னியாவில், டர்லக் ஊர்ப் பக்கத்து வாய்க்கால்களில் முப்பத்தொரு வருடம் மதகு திறந்து மூடும் வேலை பார்த்தேன். ஒரு வண்டி, ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான் கூட. கல்யாணம் கூடிவரவில்லை. கடைசி ஏழு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தேன். போன பிப்ரவரியில் அம்மா இறந்தாள்.

உயிரோடு இருந்தபோதே அவள் ஒரு டிரஸ்ட் எழுதி வைத்திருந்தாள். கலிபோர்னியாவில் சொந்த வீடு வைத்திருக்கும் வயதானவர்கள் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். வீட்டை டிரஸ்டின் பெயருக்கு மாற்றிவிட்டால், ஆள் போனபிறகு பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பொறுப்பாளராகப் பெயர் போட்டவரே பிரித்துக் கொடுத்து முடித்துவிடலாம். பொறுப்பாளன் நான். எனக்குப் பாதி, என் தங்கை இடலினாவுக்குப் பாதி. சொத்து என்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

இதில் எங்கள் ஆட்கள் வழக்கமாக ஒரு தப்புச் செய்வார்கள். டிரஸ்ட் எழுதி, வக்கீல் கொடுக்கும் நீல அட்டைக் கோப்பை அலமாரியில் வைத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். வீட்டை மாற்றும் பத்திரம் தனி. அதைக் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். அம்மா அதில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வாங்கி, சமையலறை மேசை இழுப்பறையில் பழைய கோயில் அட்டவணைகளுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அது என் கையில் கிடைத்தது.

அன்று மாலை லீனா போன் செய்தாள். இடலினாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு முன்னெல்லாம் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை கூப்பிடுவாள், நாலு நிமிடம் பேசுவாள்.

“எல்லாம் எப்பண்ணே முடியும்?”

“வக்கீலம்மாவைப் பார்க்கணும். சீக்கிரம் முடிஞ்சிரும்.”

“முடிஞ்சா என் தொல்லை உனக்கு விட்டுது, உன் தொல்லை எனக்கு விட்டுது. ஆளுக்கொரு கும்பிடு போட்டுட்டுப் போயிரலாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் பேச்சே அப்படி. எனக்கு வருத்தமில்லை.

மறுநாள் வக்கீலம்மா கேட்டார். “கையெழுத்தான வீட்டுப் பத்திரம் எங்கயாவது கிடக்கான்னு நல்லாப் பார்த்தீங்களா? அது இருந்தா ஒரு மாசத்துல முடிச்சிரலாம். இல்லன்னா வீட்டுக்குக் கோர்ட்டுதான். ஒன்றரை வருஷம் இழுத்துரும்.”

“வீடு பூராத் தேடிட்டேம்மா, ஒண்ணும் இல்ல” என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. ஒன்றரை வருஷம் என்று அவர் சொன்னதும், எழுபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று மனம் போட்டுப் பார்த்துவிட்டது.

நான் பத்திரத்தை ஒளித்துவைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அம்மா வைத்த இடத்திலேயேதான் இருந்தது. நான் இழுப்பறையைத் திறக்கவில்லை, அவ்வளவே.

அதன்பிறகு லீனா ஞாயிறு தவறாமல் கூப்பிட்டாள். கோர்ட்டு என்ன சொல்கிறது என்று கேட்பாள். இந்த வாரம் இன்ன தாள் கேட்டார்கள் என்று ஏதாவது சொல்வேன். அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேச்செடுத்தேன். அம்மா ஒவ்வொரு தட்டுக்கும் நாற்காலிக்கும் அடியில் டேப் ஒட்டி, யாருக்கு என்று பெயர் எழுதி வைத்திருந்தாள். வாரத்துக்கு ஐந்து சாமான் வாசித்துக் காட்டினேன். சண்டை வந்தால் அதிக நேரம் பேசுகிறாள் என்று தெரிந்தபின், அவள் பெயரிருந்த சில டேப்புகளை உரித்துவிட்டு என் பெயரை எழுதி ஒட்டினேன்.

“அந்த சூப்புச் சட்டி எனக்குன்னு அம்மா வாயாலயே சொன்னாங்கண்ணே. நீ ஒத்தைக் கட்டை, அதுல யாருக்குச் சூப்பு வைக்கப் போறே?”

“எழுதியிருக்கிறதைத்தானே நான் படிக்க முடியும்?”

“அடப்போ, கல்லுளிமங்கா.”

அன்று ஐம்பது நிமிடம். சட்டியை அவளுக்கே கொடுப்பதாகத்தான் இருந்தேன்.

லீனாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மரிபோசாவுக்கு மேலே மலையில், ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தாள். பகலும் இரவும் மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின். இலையுதிர் காலத்தில் காற்று எழும்பினால் காட்டுத்தீக்குப் பயந்து மலைப்பக்கம் கரண்டை நிறுத்திவிடுவார்கள், இரண்டு நாள், மூன்று நாள்கூட. முந்தின வருடம் அப்படி நிறுத்தியபோது அவளை ஆஸ்பத்திரியில்தான் போய்ப் பார்த்தேன்.

“அக்டோபருக்குள்ள நான் கீழ இறங்கியாகணும்ணே. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு பார்த்துட்டேன். என் பங்கு வந்தா மறுநாளே வாங்கிருவேன். விக்கிற அந்த வீட்டுக்காரம்மா செப்டம்பர் வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். இன்னொரு தடவை கரண்ட் போனா நான் தேறமாட்டேன்.”

“கோர்ட்டு நம்ம கையிலயா இருக்கு லீனா?”

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவளைக் கூப்பிட்டேன். “அதுவரைக்கும் இங்க வந்து இரும்மா. உன் ரூம் அப்படியே கிடக்கு” என்றேன். கட்டில் விரிப்பெல்லாம் மாற்றிவைத்துவிட்டுத்தான் கேட்டேன்.

“உன்கூடவா? மூணு வேளையும் உன் மூஞ்சியப் பார்த்துத் தின்னணும்னா, அதுக்கு நான் செத்தே போயிரலாம்.” சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாள்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஜூலை பதினாலாம் தேதி, மத்தியானம் இரண்டேகால் மணி.

செப்டம்பர் போயிற்று. அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் அழுதாள். நானும் கூட அழுதேன், அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அந்த வாரத்திலிருந்து புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்தாள். அவளுக்கும் யாரும் இல்லை, பாருங்கள்.

அக்டோபரில் அந்தத் திங்கட்கிழமை மாலை மலையில் கரண்டை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு லீனா கூப்பிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிற்று.

“அண்ணே, கடைசி சிலிண்டரும் முடியப்போவுது. காரை எடுக்கலாம்னு வாசல் வரைக்கும் போனேன், ஆகல. நீ வந்து கூட்டிட்டுப் போயிரு. உன் வீட்டுலயே இருக்கேன். சரியா?”

“நான் வர ஒன்றரை மணி நேரம் ஆயிரும்மா. அம்மா போன்ல ஆம்புலன்ஸுக்குச் சொல்லிர்றேன். நீ இதை வைக்காதே, பேசிட்டே இரு.”

சமையலறைச் சுவரில் அம்மாவின் போன் இருக்கிறது. அதன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“சொல்லிட்டேன். வழியில மரம் விழுந்து கிடக்காம், சுத்தி வர்றாங்களாம்.”

பிறகு பேசினோம். சாமான்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவின் மாட்டுப்பண்ணையில் அவள் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டு தூங்கிப்போனதையும், ஊரே தேடியதையும் சொன்னேன். அம்மாவுக்கு உன்னைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்றேன். ராத்திரிகளில் வீட்டுக்குள் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கிறது, தாங்க முடியவில்லை என்றும் சொன்னேன். யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

“நீ இவ்வளவு பேசுவியாண்ணே? எனக்குத் தெரியாமலே போச்சே” என்றாள்.

நடுநடுவே, “இன்னும் வரலையா?” என்று கேட்டாள். “பக்கத்துல வந்துட்டாங்க” என்றேன். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அதையேதான் சொன்னேன்.

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் பேசினோம் என்று உங்கள் தாளில் இருக்கிறது. கடைசி ஒரு மணி நேரம் நான் மட்டும்தான் பேசினேன். ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை.

ஆம்புலன்ஸை ஏன் கூப்பிடவில்லை என்று நாலாவது முறை கேட்கிறீர்கள். கூப்பிட்டிருந்தால் அவர்கள் நேராக அவளுக்குப் போன் போட்டிருப்பார்கள் ஐயா, எங்கள் பேச்சு பாதியில் அறுந்திருக்கும். நான் கூப்பிடவில்லை என்பது உண்மை. பத்திரம் இருந்ததும் உண்மை. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். ஆனால் அந்த மலையில் எத்தனையோ பேர் யாருமில்லாமல் சாகிறார்கள். என் தங்கை தனியாகச் சாகவில்லை, கடைசிவரை நான் கூடவே இருந்தேன். அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.