துஷ்யாவின் காதுக்குப் போன குரல்

"மேடை என்பது கோயில். அதில் ஏறிப் பாடாமல் வாயை மட்டும் அசைப்பவர் சபையை ஏமாற்றவில்லை, சரஸ்வதியையே ஏமாற்றுகிறார்."

லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் ஒரு பாடல் வெளியீட்டு விழாவில் சிவானந்தன் அண்ணை இப்படி முழங்கினார். சபை கை தட்டியது. அவருடைய குரல் கொஞ்சம் மெலிது என்பதால் நான் பேஸைக் கூட்டி, எக்கோவும் போட்டிருந்தேன். அவர் இறங்கியதும் அவருடைய மகள் றொசாந்தி ஏறி, நான் ஓடவிட்ட பதிவுக்கு வாயசைத்தாள். அதற்கும் கை தட்டினார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல விழா அது. மட்டன் ரோல் சூடாக இருந்தது.

என் பெயர் கணேசலிங்கம். பாரிஸில் கலியாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டித் தொழில் பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவன். ஹரோ முதல் மோர்டன் வரை தமிழ் மேடைகளில் கேட்கும் சத்தத்தில் பெரும் பங்கு என் கையால் போனது. சனங்கள் என்னைச் சவுண்ட் லிங்கம் என்பார்கள். என் வாடிக்கையாளர்கள் பொப் பாடகர்கள். எங்கள் ஆட்களிடம் முதலில் பட்டம் வரும், பிறகு பாட்டு வரும், குரலைக் கடைசியில் நான் கொடுப்பேன். ஐரோப்பியக் குயில் ஒருவர் இருக்கிறார். தேம்ஸ் நதித் தென்றல் ஒருவர் இருக்கிறார். புதுப்பாட்டு என்றால் வாடகைக்கு எடுத்த திறந்த கார் வேண்டும், புகை வேண்டும், மேலே ட்ரோன் பறக்கவேண்டும். பாடகர் பாலத்தில் சாய்ந்து கண்ணை மூடி உருகுவார். அவர் உருகும் இடத்தில் கேட்கும் குரலை நான் என் கராஜில் இருந்து கணினியில் இழுத்து நேராக்கியிருப்பேன். ஒருவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. தையற்காரன் வாடிக்கையாளரின் இடுப்பளவை ஊருக்குச் சொல்வதில்லை.

என் மனைவி துஷ்யாவுக்கு மட்டும் எதையும் இழுக்கவேண்டி வரவில்லை.

பகலில் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டு, சனி ஞாயிறுகளில் பாட வந்த பெண் அவள். முதல் நாள் பதிவு முடிந்ததும் நான் திருத்த உட்கார்ந்தேன். திரையில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்கையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். அடுத்த வருடம் கலியாணம் செய்துகொண்டோம். அவளுடைய பாட்டுகளுக்கு நானே இசை கோத்தேன், நானே பதிந்தேன், காணொளிக்குப் புகை விடும் மெசினையும் நானே தூக்கினேன். "துஷ்யா, ஒலி: லிங்கம்" என்று திரையில் சேர்ந்து வரும். அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருந்த காற்புள்ளியில்தான் நான் குடியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த இளைஞர் குழு வந்தது. இங்கே பிறந்த பிள்ளைகள். உண்மையான ட்ரம்ஸ், உண்மையான கிற்றார், பதிவு ஒன்றும் ஓடாது. துஷ்யாவின் காணொளியைப் பார்த்துவிட்டு, தங்களோடு நேரடியாகப் பாட வரச் சொன்னார்கள். ஒலியைத் தாங்களே பார்த்துக்கொள்வார்களாம்.

"அப்ப எனக்கு அங்கை என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு வேலையும் இல்லை. நீங்கள் வந்து முன் வரிசையிலை இருந்து கேளுங்கோவன். கலியாணம் கட்டி இவ்வளவு காலம், ஒரு நாளாவது ஒண்டையும் திருகாமல் என்ரை பாட்டைக் கேட்டிருக்கிறியளோ?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்த முன் வரிசைக் கதிரை கண்ணுக்குள் நின்றது.

மேடையில் பாடுகிறவர்கள் காதுக்குள் ஒரு சிறு கருவி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் வழியாகத்தான் அவர்கள் தங்கள் குரலைத் தாங்கள் கேட்பார்கள். சபைக்குப் போகும் ஒலி வேறு, அந்தக் காதுக்குப் போகும் ஒலி வேறு. இரண்டும் என் ஒலிக்கலவைப் பலகையிலிருந்துதான் போகும். நான் துஷ்யாவின் காதுக்குப் போகும் துஷ்யாவின் குரலை மட்டும் சுருதியில் ஒரு நூல் இறக்கிவிட்டேன். அதிகம் இல்லை. இசையைத் தொடவில்லை. அவளுடைய குரல் மட்டும் அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

குழுவோடு பாடுவதற்காக என் கராஜில் பழகிய முதல் ஒத்திகையில் அவள் பாதியில் நிறுத்தினாள். "என்னப்பா, சுதி சேருதில்லையே."

"களைப்பாக்கும்," என்றேன்.

மறு கிழமையும் களைப்பு. அவள் இஞ்சி குடித்தாள், தயிரை விட்டாள், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். காதில் கேட்கும் குரல் கீழே நிற்கிறதே என்று பாவம் மேலே தள்ளிப் பாடினாள். அப்படித் தள்ளியதில் உண்மையாகவே பிசகத் தொடங்கியது. அதற்கு நான் பொறுப்பல்ல என்று நினைக்கிறேன். மேலே தள்ளச் சொல்லி நான் சொல்லவில்லை.

இளைஞர் குழுவுக்கு அவள்தான் போன் எடுத்து, "எனக்கு ஏலாது தம்பி, குரல் சரியில்லை" என்றாள். நான் பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவினேன்.

தொண்டை டாக்டரிடமும் போனோம். அவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, அழகான தொண்டை என்றார். காது டாக்டர், அழகான காது என்றார். நான் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை வடிவாகப் பாருங்கள் என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கு மெய்யாகவே கவலையாக இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. மேடைகளில் அவளும் மற்றவர்களைப்போல் பதிவுக்கு வாயசைத்தாள். கெட்டிக்காரியாகச் செய்தாள். இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்பாள். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும்: என் வாழ்க்கையில் அது நல்ல வருடம்.

மோர்டனில் அவளுடைய புதிய காணொளியின் வெளியீடு, ஒரு ஞாயிறு பின்னேரம். அதற்கு முதல் நாள் கராஜுக்கு வந்து நின்றாள்.

"ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டை உண்மையாப் பாடிப் பாக்கிறன். உந்தத் திருத்துற சாமானும் வேண்டாம். பிழைச்சாப் பிழைக்கட்டும். அதோடை விட்டிடுறன்."

"நீர் பாடும்," என்றேன். "நான் இருக்கிறன்தானே."

அவளுக்கு ஒலிவாங்கியைத் திறந்து வைத்தேன். ஒரு பாதுகாப்புக்காகப் பதிவையும் சத்தமில்லாமல் பக்கத்தில் ஓடவிட்டேன். காதுக்குப் போகும் இறக்கத்தை எடுக்கவில்லை. எடுத்தால் அது ஏன் இருந்தது என்ற கேள்வி வரும்.

விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து அவள் பாடத் தொடங்கினாள். முதல் சரணம் தடுமாறியது. சபை நாகரிகமாக ரோல் பக்கம் திரும்பியது. பின்னால் இரண்டு பேர் வீட்டு விலை கதைத்தார்கள். துஷ்யாவின் நெற்றி நரம்பு எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

பிரதம விருந்தினர் சிவானந்தன் அண்ணைதான். அவருக்கு வடக்கு லண்டனில், எட்மண்டனில் அடுத்த விழா. அங்கேயும் அவர்தான் பிரதம விருந்தினர். நேரமாகிவிட்டதால், பாட்டு நடுவில் இசை மட்டும் வரும் இடத்தில் பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் போகிறேன் என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லி மேடை ஏறினார். நம் ஆட்களுக்கு இது புதிதல்ல. பொன்னாடை போர்த்துகிறவருக்கு முன்னால் பாட்டு என்ன, பாட்டி என்ன.

அவர் சால்வையை விரித்தார். படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். படம் சரிவரவில்லை என்று இன்னொரு தரம் விரித்தார். இரண்டாம் விரிப்பில் சால்வையின் சரிகை காதுக் கருவியின் வயரில் கொளுவியது. அவர் இறங்கும்போது இரண்டு காதுக் கருவிகளும் அவரோடு இறங்கின. பட்டாசுச் சரம்போல் அவருடைய கைமுட்டில் தொங்க, வணக்கம் வணக்கம் என்று வாசல் வரை போனார்.

இரண்டாம் சரணம் வந்துவிட்டது. துஷ்யா வெறுங்காதோடு பாடினாள்.

முதல் வரியிலேயே வீட்டு விலை நின்றது. கதிரைகளுக்கு நடுவில் ஓடிய பிள்ளைகள் நின்றார்கள். யாரோ கடித்த ரோலை வாயிலேயே வைத்திருந்தார். துஷ்யா ஒரு கையால் பொன்னாடையைத் தள்ளிவிட்டு, மேடைக்கு எதிரே பலகைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். என்மேல் சந்தேகத்தோடு பார்த்திருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சிரித்தாள். தொலைந்த பிள்ளை வாசலில் வந்து நின்றால் ஒருத்தி புருசனைப் பார்த்துச் சிரிப்பாளே, அப்படி. திரும்பி வந்திட்டுது, பாத்தீங்களே என்ற சிரிப்பு.

நான் அவளுடைய ஒலிவாங்கியை மூடி, பதிவைத் திறந்தேன்.

அவளுக்கு உடனே தெரியவில்லை. அதே பாட்டு, அதே குரல். சந்தோசத்தில், நீட்டிப் பாடவேண்டிய இடத்தில் வாயை மூடி அழப் பார்த்தாள். ஒலிபெருக்கியில் அவளுடைய குரல் அழகாக நீண்டுகொண்டே போனது.

"ட்ராக்கடா! பதிவு ஓடுது!" என்று ஒருவன் கத்தினான்.

"அக்கா, நீங்கள் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ, அது பாடும்!"

அப்போதுதான் சனம் கைபேசிகளைத் தூக்கியது. சபை அடங்கிக் கேட்ட அந்த நாலு வரியை ஒருவரும் எடுத்திருக்கவில்லை. நானும் அன்று பதிவு செய்யவில்லை.

சாமான் ஏற்றிய வானில் வீட்டுக்கு வரும்போது அவள் பொன்னாடையை மடியில் மடித்து வைத்திருந்தாள். "ஏன் போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"நீர் சுதி விட்டிட்டீர். சனம் சிரிக்க முதல் காப்பாத்தினனான்."

"எனக்குச் சரியாக் கேட்டதே."

"காதிலை மெசின் இல்லாமல் சரியாக் கேக்காது. அது மண்டபச் சுவரிலை பட்டு வாற எக்கோ."

பொன்னாடையைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு சொன்னாள்: "மன்னியுங்கோ. உங்கடை பேரையும் கெடுத்துப்போட்டன்."

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். கீழே எழுதியவர்களில் என் வாடிக்கையாளர்கள் பலர். தேம்ஸ் நதித் தென்றல், கலைக்கு இழைத்த துரோகம் என்று எழுதினார். றொசாந்தி அழும் முகம் ஒன்று போட்டாள். சிவானந்தன் அண்ணை எட்மண்டனில் பேசிய பேச்சும் வெளியாகியிருக்கிறது. மேடை என்பது கோயில் என்கிறார். அவருடைய கைமுட்டில் வயர் தெரிகிறது. நான் ஒன்றும் எழுதவில்லை. தொழிலுக்கு ஒரு இரகசியம் இருக்கவேண்டும்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்க வருகிறவர்கள், "நீங்கள் அந்த வாயசைச்ச அக்காதானே?" என்று கேட்டார்கள். அவள் ஓம் என்றாளாம். வீட்டில் அரிசி கழுவும்போது முணுமுணுப்பாள், அதுவும் நின்றது. பிறகு எட்மண்டனில் இருக்கும் தன் தம்பி சுஜீத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. என் சட்டைகளை மினுக்கி மடித்து வைத்துவிட்டுத்தான் போனாள். கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று நானும் விட்டேன். அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை. அவளை என்னோடு வைத்திருக்கப் பார்த்தேன், அவ்வளவுதான்.

போன கிழமை சுஜீத் வந்தான். இருக்கச் சொல்ல இருக்கவில்லை.

"அத்தான், அக்கா ஒண்டே ஒண்டு கேக்கச் சொன்னவ."

"சொல்லும்."

"அண்டைக்கு அந்தாள் பொன்னாடை போட்டிட்டு இறங்கினாப் பிறகு நாலு வரி பாடினாவெல்லோ. அது சுதியோடையா இருந்தது? உண்மையைச் சொல்லட்டாம். நான் நல்லாத்தான் இருந்தது எண்டு சொன்னன், ஹோலிலை இருந்த சனமும் சொல்லிச்சுது. அவ நம்பிறா இல்லை. உங்கடை காதைத்தான் நம்புவாவாம். நீங்கள் ஓம் எண்டு சொன்னா அவ திரும்பப் பாடுவா அத்தான். இல்லை எண்டு சொன்னா விட்டிடுவா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். காதுக்குள் நான் செய்ததை இப்போது சொல்லிவிட்டேன். அவளுடைய தொண்டையில் ஒன்றும் இல்லை, காதில் ஒன்றும் இல்லை, எல்லாம் என் விரல். இதைச் சுஜீத் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். ஆனால் அவள் கேட்டது அதை அல்ல. சபை அடங்கியதைச் சாட்சியாகச் சொல்லலாம். அதே சபை றொசாந்தியின் வாயசைப்புக்கும் கை தட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

பலகைக்குப் பக்கத்தில் நான் வைக்கும் கணினியின் திரையில் ஒரு கோடு ஓடும். குரல் சேர்ந்தால் பச்சை, பிசகினால் சிவப்பு. துஷ்யா அந்த நாலு வரியையும் பாடியபோது நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரையைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்காமல் எனக்குச் சுருதி தெரியாது.