தரை வளர்ந்த வீடு

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பேர் தறி விஷயம் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் அவர்களில் ஒருவருடைய மகள். ஒன்பது வயது சொல்லலாம். நான் கண்ணை மூடும்போதுதான் அந்த அப்பா சொன்னார்:

“வளந்தது என் பொண்ணு இல்ல மச்சான், வூட்டுத் தரை.”

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை.

“தரை எப்டி வளரும்?”

“இவளுக்குப் பதிமூணு வயசு. கோதும, ரவ எதுவும் கொடலுக்கு ஆகாது, அதான் வளத்தி நின்னுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எல்லாத்தையும் நிறுத்திட்டு, செவுத்துல கோடு போட்டு அளந்துகினு வந்தேன். போன மாசம் கோட்டுக்கு மேல ரெண்டு வெரல் ஏறிட்டா. என் சம்சாரம் தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்துட்டா.”

“நல்லதுதானே?”

“ஆஸ்பத்திரில அளந்தா பழைய ஒசரமேதான். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நடுவுல தரைக்கு டைல்ஸ் போட்டோம்.”

“அடப்பாவி. இப்ப?”

“செவுத்தாண்ட ஒரு டைல்ஸ பேத்துட்டேன். இனிமே அந்தப் பள்ளத்துல நிக்க வெச்சுதான் அளக்கணும்.”

“காலைலயே நின்னு பாத்துட்டேன் நைனா,” என்றாள் அந்தப் பெண், ஜன்னலிலிருந்து திரும்பாமல். “பள்ளத்துல நின்னே ஒரு வெரல் ஏறிகிறேன்.”

அவர் மகளின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பத்திரில அளக்கட்டும். அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதம்மா.”

“சொல்லிட்டேன். இந்த வாட்டி கேசரிய அரிசில கிண்டச் சொல்லிகிறேன். போன வாட்டி தெருவே துன்னுச்சு, நான் பாத்துகினு இருந்தேன்.”