லுத்தரன் கோயில் சாவி

சாவிதானே ஐயரே, இந்தா மடியிலதான் இருக்கு. ஞானஸ்நானம் எடுக்காத பொம்பளகிட்ட கோயில் சாவி இருக்கக் கூடாதுன்னா நியாயந்தான். பழைய ஐயரு கடைசி வரைக்கும் கேக்கல, நீங்க வந்த வாரமே கேட்டுட்டீங்க. குடுக்கிறேன், செத்த உக்காருங்க.

யாரு கட்டினதா? நாங்கதான். சிரிக்காதீங்க. ரப்பருக்கு நல்ல வெல இருந்த காலம். காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நிக்கிறப்ப ஆபீசுக் கணக்கெழுதுற கிராணி ஐயா வந்து சொன்னாரு, தொரை எடமும் மரமும் குடுத்திட்டாரு, லுத்தரன் கோயில் கட்டப் போறோம், தரங்கம்பாடியிலேர்ந்து ஐயர் வர்றாருன்னு. எங்க காதுல ருத்திரன் கோயில்னு விழுந்திச்சு. கோயில்ங்கிறாரு, ஐயர்ங்கிறாரு, வேற என்னத்தச் சந்தேகப்படறது? சிம்பாங் ரெங்கம் சுத்துப்பட்டுல எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் மாரியம்மன்தான். நமக்கு மட்டும் சிவன் கோயில்னு ஆம்பளைங்களுக்குத் தலகால் புரியல. ரப்பர் பால் எடுத்திட்டு வந்து கூலி வாங்காம ஒழச்சாங்க. தச்சு வேல முழுக்க எங்க வீட்டுக்காரரு காளியப்பன். ஒவ்வொரு ஆணிக்கும் சிவ சிவான்னுதான் அடிப்பாரு. நீங்க பிரசங்கம் பண்ற செவுரு பூரா அதான் இருக்கு.

சேவல் அறுத்தீங்களாமேன்னா? தூணு நடுறப்ப அறுத்தோம். சிவனுக்கு ஆகாதுன்னு கங்காணி சொன்னாரு, தூணுக்குத்தானேன்னுட்டோம். ஆமா, நீங்க சாஞ்சிருக்கீங்களே, அதே தூணு. ஏன் எந்திரிக்கிறீங்க, அந்த ரத்தம் எப்பவோ மண்ணாப் போயிருக்கும்.

ஐயர் வர்ற அன்னிக்கு எஸ்டேட்டே கும்பம், மேளத்தோட குளுவாங் ஸ்டேசனுக்குப் போச்சு. நான் போவல, போற நெலமையில இல்ல. கறுப்பு அங்கியில எறங்கியிருக்காரு. காசிக்குப் போயி வந்த ஐயர் போலன்னு கங்காணி சமாளிச்சிருக்காரு. மத்தியானம் கிராணி வீட்டுல கோழிக் குழம்ப மறுபடியும் கேட்டு ஊத்திக்கிட்டப்பதான் எல்லாரும் முழிச்சாங்க.

பிரிச்சிடலாம்னு சில பேரு கடப்பாரையோட கெளம்புனாங்க. நான்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். மறுநாளு வெளக்கமாத்தோட வந்திட்டேன். அன்னையிலேர்ந்து கூட்டுறதும் நான்தான், தொறக்குறதும் நான்தான்.

எனக்கென்ன அக்கறையா? ஐயர் வர்றதுக்கு முந்தின வாரம் எங்க வீட்டுக்காரரு தகரம் போடறப்ப கூரையிலேர்ந்து விழுந்திட்டாரு. மாட்டு வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போறோம், பாதி வழியில, கோயில் முடிஞ்சிச்சான்னு கேட்டாரு. முடிஞ்சிருச்சுன்னேன். அதோட சரி. சாமி பக்கத்துல இருக்கட்டும்னு இந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் பொதச்சோம்.

ஞானஸ்நானம் எடுத்தாத்தான் சாவின்னா எடுத்துக்கிறேன் ஐயரே. எஸ்தரோ ராகேலோ, ஒங்களுக்குப் பிடிச்ச பேரா வையிங்க. கூப்புடுறப்ப மட்டும் அந்த ஜன்னலச் சாத்திட்டுக் கூப்புடுங்க. அவருக்கு இன்னும் வெவரம் தெரியாது.