ஒரு நாள் அணு மின் நிலையம்

இல்ல மிஸ், சரியாத் தான் சொல்றேன். அணு மின் நிலையம் ஒண்ணு தொறக்கணும். பலாபத்வலயில. பேனைய கீழ வெச்சிராதீங்க, புத்தி நல்லாத் தான் இருக்கு. பிரதேச செயலகத்துக்குப் புதுசா வந்த மங்களேஸ்வரி மிஸ் நீங்க தானே? தமிழ்ல சொன்னா வெளங்கும்னு உங்க மேசைக்கு வந்தேன். சாலிஹ்னு கேட்டா ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இப்ப கொஞ்சம் கூடவே தெரியும்.

இடமா? அரை ஏக்கர், மிளகுத் தோட்டம். எல்லாம் அந்த மிளகுக் கள்ளனுங்களால வந்தது. நாய் கவனம்னு போர்ட் போட்டேன், நாயையும் கொண்டு போயிட்டானுங்க. கேமரா இருக்குன்னு போட்டேன், அதையும் கழட்டிட்டானுங்க. அந்த நேரம் பாத்து டீவியில ரெண்டு பேர் அணு மின் நிலையத்தப் பத்திச் சண்டை போடுறாங்க, கிட்டப் போகவே ஏலாதுன்னு. அட, நமக்கு வேண்டியது இது தானேன்னு போர்ட் எழுதுற றம்ஸிக்கிட்ட ஓடினேன். மஞ்சள் பெயின்ட், மூணு மொழியிலயும் அணு மின் நிலையம், ஆபத்துன்னு. அவன் தான் சொன்னான், சாலிஹ் நானா, எத்தன மெகாவாட்னு போடாட்டி ஒருத்தனும் நம்ப மாட்டான்னு. ஆயிரம்னு போடுன்னேன். பத்தோட நிப்பாட்டியிருக்கலாம்.

கள்ளன் வரல்ல மிஸ், அத ஒத்துக்கணும். ஆனா மத்தவங்களும் வரல்லையே. திரீவீல்காரன் சந்தியிலயே எறக்கி விட்டுர்றான். மிளகு வாங்குற முதலாளி என் சாக்கைக் கம்பால தட்டிப் பாக்குறார். இதுக்குள்ள ஒரு நாள் ஊர்ல கரண்ட் போச்சு. சனம் பூரா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, சாலிஹ் நானா, மெஷினப் போடுங்கன்னு கத்துது! கிட்ட வரப் பயம், கரண்ட் மட்டும் வேணும். ஆயிரம் மெகாவாட்ட வெச்சுக்கிட்டு தனியா என்ன செய்றீங்கன்னு கேள்வி வேற.

போர்டயா? கழட்டினேனே! கழட்டி, பலகைய அடுப்புல வெச்சு எரிச்சுட்டேன். அதோட இன்னும் மோசமாப் போச்சு. பொகையப் பாத்துட்டு, வெடிச்சிருச்சுன்னு பக்கத்து வூட்டு நாச்சியா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஓடிட்டா. இப்ப போர்ட் இல்லாததால ரகசியமா ஓட்டுறேனாம்.

போன கிழமை அந்த மேசையில இருக்குற சேர்கிட்ட வந்தேன், அங்க ஒண்ணுமில்லன்னு ஒரு கடிதம் தாங்கன்னு. இல்லாத ஒண்ணுக்கு எப்புடிக் கடிதம் தர்றது, தொறந்தது ஒண்ணு இருந்தாத் தானே மூடியாச்சுன்னு எழுதலாம்னார். நியாயம் தானே மிஸ்? அதான் தொறக்க வந்தேன். வியாழன் தொறந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முந்தி மூடிருவோம்.

கேளுங்க, சொல்றேன். எரிபொருளா? ஒரு நாளைக்கு அது வேற வாங்கணுமா? தண்ணிக்குக் கெணறு இருக்கு, வத்தாது. ஓட்டுறதுக்கு நான் இருக்கேன். நான் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனா பொஞ்சாதி ஸில்மியா பாத்துக்குவா. கழிவு... மிளகுச் சருகு கொஞ்சம் விழும், கூட்டிருவோம்.

என்ன அவசரமா? ஒண்ணுமில்ல மிஸ். மக றுஸைனாவ கலேவெலயில கட்டிக் குடுத்திருக்கு. தலைப்புள்ள, இது எட்டாம் மாசம். எங்க வழக்கத்துல தலைப்புள்ளைய உம்மா வூட்டுல இருந்து தானே பெறுவாங்க. அவ மாமி மஸூதா அனுப்ப மாட்டேங்குறா. ஆயிரம் மெகாவாட்டுக்குப் பக்கத்துல என் பேரப்புள்ள பொறக்கக் கூடாதுங்குறா. நூறாக் கொறைச்சா அனுப்புவீங்களான்னு கூடக் கெஞ்சிப் பாத்தேன். அரசாங்கக் கடிதம் இல்லாம ஏலாதுன்னுட்டா. புள்ள ஃபோன் எடுத்து, வாப்பா எப்ப வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு அழுவுது. வூட்டுல ஸில்மியா தொட்டிலும் கட்டிட்டா. அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல்ல மிஸ்.

எழுதுங்க. இல்ல இல்ல, கொறைக்காதீங்க, ஆயிரமே போடுங்க. பெருசா ஒண்ண மூடினாத் தானே அந்த மாமி நம்புவா.