இரண்டாவது வாய்க்கருவி

குளிர்த் தண்ணீரில் இறங்குமுன் வயிறு காலியாக இருக்கக் கூடாது. அன்று பாலேந்திராவைக் காருக்குள்ளேயே இருத்தி, நான் கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிட வைத்தேன். வேண்டாமென்றான். நான் விடவில்லை. கம்பளி உள்ளாடைக்கு மேல் உலர் உடையை மாட்டிவிட்டு, கழுத்துப் பட்டியில் தண்ணீர் புகாதபடி விரல் விட்டுப் பார்த்தேன். இங்கே இக்காஸ்ட் நகரில் ஒரே ஆலையில் வேலை செய்கிறவர்கள் நாங்கள். மார்ச் மாதக் கடலில் அவன் சுழியோடுவது அதுதான் முதல் தடவை.

வரும் வழியில் அவன் ஒரு செய்தி சொன்னான். ஊரில் யுத்தம் முடியும் தறுவாயில் இருக்கிறது, நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சனம் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களுக்கு வந்துகொண்டிருந்தது.

"மச்சான், ஸ்ரிபன் உயிரோட இருக்கிறான். வவுனியா முகாமில மாமி கண்டவவாம். இண்டைக்குப் பின்னேரம் அஜந்தினிக்குச் சொல்லுவம்."

"ஓம், சொல்லத்தானே வேணும்," என்றேன்.

அஜந்தினி என் மனைவி. ஸ்ரிபன் அவளுக்கு முன்பு நிச்சயித்திருந்தவன். அவன் செத்துவிட்டான் என்று அவளுக்குச் சொன்னது நான். யார் சொன்னதென்று அவள் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இனிக் கேட்பாள்.

இந்தக் குளிரில் கரையில் நின்று, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் வாய்க்கருவியில் மூச்சிழுத்துப் பார்க்கக் கூடாது. மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, கீழே போனதும் காற்று நிற்காமல் கொட்டித் தீர்ந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

"நல்லா இழுத்துப் பார் மச்சான். இன்னும் கொஞ்சம்," என்றேன். இழுத்துப் பார்த்தான்.

அடியில் அவனுடைய காற்று கொட்டத் தொடங்கியது. அவன் பதறவில்லை. நல்ல மாணவன். காற்றில்லை என்று கழுத்துக்குக் குறுக்கே கையைக் காட்டிவிட்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே கூட வருகிறவரின் அவசரத்துக்கென்று என் நெஞ்சில் தொங்கும் இரண்டாவது வாய்க்கருவிக்காக வந்தான். நான் ஒரு கை தூரம் பின்னுக்குப் போனேன். அவன் திரும்பவும் வந்தான். நானும் திரும்பவும் போனேன். அவன் கண்களில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. எனக்குக் கவலையாக இருந்தது, உண்மையாகவே.

என் சிலிண்டரில் இரண்டு பேருக்குப் போதுமான காற்று மிச்சம் இருந்ததென்று நீங்கள் சொல்வது சரி. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு மறுப்பில்லை.

ஒரேயொரு உதவி. வெள்ளிக்கிழமைகளில் அஜந்தினி ஸ்ரிபனின் ஆத்துமத்துக்காக மெழுகுதிரி கொளுத்துவாள். வாங்கிக் கொடுப்பது நான்தான், எனக்கு அதில் பொறாமை கிடையாது. இந்தக் கிழமைக்கானது காருக்குள் கிடக்கிறது. அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவன் உயிரோடு இருப்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவள் தாங்கமாட்டாள்.