கூடப்பிறந்தவர் வேறு யாரும் உண்டா?

தலைமை தாங்கும் ஐயா ஆத்மநாதன் அவர்களே! ரத்ததானச் சங்கத்தைக் கீரமங்கலத்துக்குக் கொண்டுவந்த டாக்டர் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பந்தலுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

ரத்தம்! ரத்தம்! நம்மவர் வாயில்தான் எத்தனை ரத்தம்! "நீ என் ரத்தம்டா" என்று மார்தட்டுகிறான் பங்காளி. கோயில் மரியாதைக்கு முந்துகிறது அந்த ரத்தம். வரப்புத் தகராற்றில் கொதிக்கிறது அந்த ரத்தம். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் உறைந்துபோகிறதே, அது எந்த ஊர் ரத்தம்?

போன மாசியில் மஞ்சுவிரட்டில் மாடு குத்தி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தான் நல்லதம்பி. லாரி பிடித்துப் போனார்கள் பங்காளிகள் பதினேழு பேர். ஊசியைக் கண்டார்கள். ஒருவனுக்குத் தலைசுற்றல், ஒருவனுக்கு வயலில் தண்ணீர் முறை, மற்றவர்களுக்கு டீக்கடை! விரல் நீட்டியவர்கள் மூவர். கூட அவன் அண்ணன். நால்வர் ரத்தமும் பொருந்தவில்லை.

"ரொம்ப அபூர்வமான வகைங்க. ஒரே தாய் தகப்பன் பிள்ளைங்களுக்குத்தான் பொருந்த வாய்ப்பு அதிகம். கூடப்பொறந்தவங்க வேற யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

அண்ணன் சொன்னான்: "நாங்க ரெண்டே பேருதாங்க."

பொய்யா? பொய்கூட இல்லை, தாய்மார்களே! அவன் அறிவுக்கு எட்டிய உண்மை! வல்லத்திராக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்காள் சொர்ணவல்லி? தாலி ஏறிய அன்றே அவள் அடுத்த வீட்டு ரத்தமாம்! சாவு விழுந்தால் பங்காளிக்குப் பதினாறு நாள் தீட்டு, அவளுக்கு மூன்றே நாள். தீட்டில் குறைந்தவள் ரத்தத்திலும் குறைந்துவிட்டாளாம்! மூன்று முடிச்சில் ரத்தம் மாறுமென்றால் டாக்டர் எதற்கு? ஊசி எதற்கு? மஞ்சள் கயிறு போதாதா?

அங்கிட்டு ஒருவர் கேட்கிறார், "யாருங்க அந்த மடப்பய?" என்று. பொறுங்கள் அண்ணே, சொல்லாமல் இறங்கமாட்டேன்.

ரத்தம் தேடுகிறார்கள் என்று பஸ் கண்டக்டர் சொல்லித்தான் அக்காளுக்குத் தெரிந்தது. பிரசவத்தின்போது எழுதிக்கொடுத்த ரத்தச் சீட்டை மடியில் செருகிக்கொண்டு மறுநாள் ஓடிவந்தாள். நர்ஸ் வாங்கிப் பார்த்தார். அதே வகை. நல்லதம்பி கிடந்த கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னையக் கூப்பிடணும்னு ஒனக்குத் தோணலையாடா?" என்று நல்லதம்பியின் அண்ணனைக் கேட்டாள்.

பதினாறு நாளும் தீட்டுக் காத்தோம். ஒரு நாள் குறைக்கவில்லை! ஆம், காத்தோம். கேட்டீர்களே அண்ணே! அந்த மடப்பயல் பெயர் ஆண்டியப்பன். இதோ, மைக் முன்னால் நிற்கிறான்.

அதோ மேசையில் பதிவுப் புத்தகம். கூடப்பிறந்தவர் எத்தனை பேர் என்று கேட்பார்கள். கட்டிக்கொடுத்தவளையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாய்மார்களே, உள்ளே வாருங்கள். முதல் பெயரை என் அக்காள் எழுதிவிட்டாள். அதற்குக் கீழே என் பெயரை எழுத இடம் தந்த இந்தச் சபைக்கு நன்றி. வணக்கம்.