அப்பாவுக்கு ஒரு கார்ட்டன்

கப்பலில் சிகரெட் மலிவு. புகைக்காதவர்கள்கூட வாங்குவார்கள். துறைமுகத்தில் கட்டி நிற்கும்வரை கடையைப் பூட்டி வைத்திருப்பார்கள். கரை கண்ணுக்கு மறைந்து, எந்த நாட்டு வரியும் எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் திறப்பார்கள். எங்களைப் போன்ற வேலைக்காரர்களுக்குக் கீழ்த்தளத்தில் தனியாக ஒரு சின்னக் கடை உண்டு. பிலிப்பைன்ஸ் பெண்கள் அண்ணன்மாருக்கு வாங்குவார்கள். இந்தோனேசியப் பையன்கள் மாமனாருக்கு வாங்குவார்கள். நானும் வாங்கினேன், அப்பாவுக்கு.

ஐயா கேட்டதும் அதுதானே. எரிந்துபோன எங்கள் லயத்து அறையில், அந்தக் காம்பிராவில் கிடைத்த, பாதி கருகிய பெட்டியில் நம் நாட்டு எச்சரிக்கைப் படம் இல்லை, அது எப்படி மடுல்சீமைக்கு வந்தது என்று. அதற்காகக் கடைக்கார ஸஹாப்தீன் நானாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் கடையில் அதே சிகரெட் இருந்தது உண்மைதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தது நான். நான் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுத விடமாட்டேன், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தி வந்ததாக எழுதிவிடாதீர்கள். அப்படி ஒன்றும் உறுத்தவில்லை.

என் பெயர் ஜெயந்தினி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். எல்ல என்ற ஊரில் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கப் பழகி, அங்கிருந்து கொழும்பு ஏஜென்சி மூலம் உல்லாசப் பயணிகள் கப்பலுக்குப் போனேன். அறை துப்புரவாக்கும் வேலை. ஒன்பது மாதம் கடல், பிறகு லீவில் வீடு. வீட்டில் அப்பா யாகோப்பும், கொழுந்தெடுக்கப் போகும் என் தங்கை நேசராணியும். அம்மா செத்துப் பல வருடமாகிறது.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் செபமாலை. அவளுடைய இடது கையில், முழங்கைக்கு மேலே, வட்ட வட்டமாகத் தழும்புகள் இருந்தன. யாராவது கேட்டால் தேயிலைச் செடி கீறியது என்பாள். தேயிலைச் செடி வட்டமாகக் கீறாது, ஐயா. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்படி வேலை பார்த்துவிட்டு வருவார். சோறு ஆறியிருந்தாலோ, அம்மா பதில் சொல்லத் தாமதித்தாலோ, வாயிலிருக்கும் சிகரெட்டை எடுப்பார். கத்தவோ அடிக்கவோ மாட்டார். அம்மாவும் கத்தமாட்டாள், பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்டுவிடும் என்று. நேசராணி அப்போது குழந்தை. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது என் வேலை. அதனால் அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அம்மா நிமோனியாவில்தான் செத்தாள். அதற்கு அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். நான் நியாயமாகத்தான் பேசுகிறேன்.

பிறகு அவருக்கு நெஞ்சு கெட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர் இனி ஒன்றுகூடத் தொடக்கூடாது என்றாராம். அப்பா விட்டுவிட்டார். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனிதர் திருந்திவிட்டார். கோவிலில் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும், என் பெண்சாதியின் கையைச் சுட்ட பாவி நான் என்று சொல்லி அழுதாராம். தோட்டமே அழுததாம். நேசராணி இதைத் தொலைபேசியில் சொன்னபோது நான் துவாய்களை அன்னம் மாதிரி மடித்துக்கொண்டிருந்தேன். பயணிகளுக்கு அப்படி மடித்து வைத்தால் சந்தோஷம்.

"அக்கா, என் காலப் புடிச்சு மன்னிப்புக் கேட்டாருக்கா. பெத்த மக காலப் புடிக்கிறாரு. என்னால தாங்க முடியல."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது, மன்னிச்சிட்டேன்னு சொன்னேன். அம்மா இருந்தாலும் அதத்தானே சொல்லியிருக்கும்."

"என்னையப் பத்தி ஏதும் சொன்னாரா?"

"பெரியவ நேருல வரணும்ன்னாரு."

ஒன்றும் பார்க்காதவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளும் கொடுத்துவிட்டாள், தன்னுடையதல்லாத ஒன்றை. சுவாமியாரும் கொடுத்தார். அக்கம்பக்கமும் கொடுத்தது. ஆளாளுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம்தான் முதல் கார்ட்டனை வாங்கினேன்.

இலங்கைக்குள் சிகரெட் கொண்டுவரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். பெண்கள் மாதாமாதம் பாவிக்கும் பஞ்சுப் பொட்டலங்களுக்குள் பிரித்து வைத்தேன். விமான நிலையத்தில் அந்தப் பையைத் திறந்த ஆண் அதிகாரி உடனே மூடிவிட்டார். அந்தக் குற்றத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அதை அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். பொன் நிற விளிம்பு போட்ட அழகான பெட்டிகள். அப்பா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"கப்பல்ல எல்லாரும் அப்பாமாருக்கு வாங்குறாங்க. நானும் வாங்குனேன்."

வேறென்ன சொல்ல வேண்டும்? வாயில் திணித்தேனா? ஒரு மகள் அப்பாவுக்குச் சாமான் கொண்டுவருவது எந்தச் சட்டத்தில் குற்றம்? அவர் என்னிடம் ஏதோ பேச வந்தார். எனக்குக் களைப்பாக இருந்தது, படுத்துவிட்டேன். அந்த லீவு முழுக்க அவர் பேச வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வேலை இருந்தது.

நான் திரும்பிக் கப்பலேறிய பிறகு அவருக்கு மூச்சு இன்னும் மோசமானது. சிகரெட் வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஒக்சிஜன் மெசின் வீட்டிலேயே வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெசின். அதை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். கோவிலில் என் பெயர் சொல்லி ஜெபம் செய்தார்கள். அந்தத் தோட்டத்தில் எந்த மகனும் செய்யாததை ஒரு மகள் செய்தாள் என்று சுவாமியார் சொன்னாராம். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் என் பொறுப்பில் இருந்த ஓர் அறையில் ஒரு ஜெர்மன் கிழவர் வந்தார், அதே மாதிரி மெசினோடு. அந்த அறைக் கதவில் நெருப்புக் கூடாதென்று ஒரு பலகை மாட்டினார்கள். கப்பலின் பாதுகாப்பு அதிகாரி எங்களைக் கூட்டி வைத்துச் சொல்லித் தந்தார். ஒக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய துணி, தலையணை, மயிர், எல்லாமே பெற்றோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ஒரு சின்னக் கங்கு போதும். மூக்குக் குழாயே திரியாகிவிடும். பிறகு எங்களிடம் கேள்வி கேட்டார். நான்தான் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். கைதட்டினார்கள்.

அன்று மாலை கரை மறைந்ததும் கீழ்த்தளத்துக்குப் போய் இரண்டாவது கார்ட்டனை வாங்கினேன். ஒரு லைட்டரும் வாங்கினேன்.

இங்கே ஐயா என்னைப் பைத்தியம் என்று நினைக்கக்கூடும். தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். நான் தெளிவாக இருந்தேன். இப்போதும் தெளிவாகத்தான் இருக்கிறேன்.

இந்த முறை வீட்டுக்கு வந்தபோது முதல் கார்ட்டனைத் தேடினேன். ஒரு பெட்டிகூட இல்லை. எல்லாவற்றையும் குடித்துவிட்டார் என்று எனக்கு ஒருவிதத் திருப்தி. தங்கையிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அத அன்னைக்கே ஸஹாப்தீன் நானா கடையில குடுத்துட்டாருக்கா. அதுக்குப் பதிலா பால்மா வாங்கிட்டு வந்தாரு. மக ஆசையா கொண்டாந்தது, வீசுனா பாவம், குடிச்சாலும் பாவம்ன்னு சொல்லி. ஒனக்குத் தெரிஞ்சா மனசு நோகும்ன்னுதான் சொல்ல வேணாம்ன்னாரு."

ஒன்றைக்கூடத் தொடவில்லை. நான் கடல் தாண்டி, பஞ்சுக்குள் மறைத்துக் கொண்டுவந்ததை இவர்கள் பாலாக்கிக் குடித்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். அதுவரை நான் செய்தது எதையும் கோபத்தில் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நேசராணியை அப்பாவின் மருந்துக்கென்று லுணுகலைக்கு அனுப்பினேன். பக்கத்துக் காம்பிராவில் ஆளிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. அந்த அக்கறை எனக்கு எப்போதும் உண்டு. வெளியே நல்ல பனிமூட்டம். ஜன்னலைச் சாத்தினேன். அப்பா சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், தோளில் கம்பளி. மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒரு பெட்டியைப் பிரித்தேன். எனக்குப் பழக்கமில்லாததால் அந்தக் கண்ணாடித்தாளை உரிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜெயந்தி, ஒங்கிட்ட ஒன்னு பேசணும்மா. ஒங்கம்மாவ நான்..."

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. இந்தாங்க, ஒன்னு குடிங்க. கப்பல்ல வாங்குனது."

"மெசினு ஓடுதேம்மா. நிப்பாட்டட்டுமா?"

"வேணாம்ப்பா. நிப்பாட்டுனா ஒங்களுக்கு மூச்சு வாங்கும்."

அவர் மெசினைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த லைட்டரைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. ஐந்தாறு மூச்சு விடும் நேரம் இருக்கும்.

"நீ குடுத்தா வேணாம்ன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினார், கோவிலில் சுவாமியாரிடம் நன்மை அப்பம் வாங்குவது போல. வாயில் வைத்துக்கொண்டார். "நீ வெளிய போய்க்க, பீலிப் பக்கம் போய்க்க" என்று சொல்லி லைட்டரைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். கொண்டியையும் போட்டேன். மலைத் தண்ணீர் பீலிக் குழாயிலிருந்து விழும் இடத்துக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தேன்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. துணி உதறுவது மாதிரி ஒன்று. பிறகு கூரைத் தகரத்துக்கு அடியிலிருந்து புகை வந்தது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. புகையைப் பார்த்து மலையிலிருந்து ஆட்கள் ஓடி வருவது தெரிந்ததும் போய்க் கொண்டியை எடுத்துவிட்டேன். நானும் வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோனோம். பசறை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. தலை என் மடியில்தான் இருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு நேசராணி வாய் ஓயாமல் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றுவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெசினு வந்த நாள்லேருந்து அடுப்பத் தூக்கி வெளிய வைக்கச் சொன்னவருக்கா. மாதா சுரூபத்துக்கு ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்த விடமாட்டாரு, புடிச்சிக்கும்ன்னு. வர்றவங்ககிட்ட நெருப்புப் பெட்டி இருக்கான்னு கேட்டு வாங்கி வெளிய வைப்பாரு. அவரு எப்பிடிக்கா அத வாயில வச்சாரு?"

ஸஹாப்தீன் நானாதான் ஆசை காட்டிக் கொடுத்திருப்பார் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நீங்களும் வந்துவிட்டீர்கள். இல்லை. வாங்கியவள் நான், கொண்டுவந்தவள் நான், கையில் கொடுத்தவள் நான், கதவைச் சாத்தியவளும் நான். அப்பாவை நான்தான் கொன்றேன். அம்மாவுக்காகச் செய்தேன். நாளைக்கே அவர் எழுந்து வந்தாலும் திரும்பவும் செய்வேன். எந்த நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன்.

ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி நேரத்தில் அவர் எனக்காக எதையும் செய்யவில்லை. எனக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. புகைக்காரர், ஐயா, வருடக்கணக்காக வாய் காய்ந்து கிடந்தவர், சிகரெட்டைக் கண்டதும் ஆசை தாங்கவில்லை. என்னைப் பீலிப் பக்கம் போகச் சொன்னதும் அதனால்தான், புகை என் கண்ணில் படுமே என்று.